சொட்டுக் கணக்கு

'நீரை வீணாக்காதீர்' என்று சுவரில் எழுதிவைத்தால் சிறுவர் அதை உரக்கப் படிப்பர். படித்துவிட்டுக் குழாயைத் திறந்தபடி விட்டு ஓடுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எட்டு வயதில் 'வீண்' என்பது வெறுஞ்சொல். அதைக் கண்ணால் காணும் பொருளாக்கித் தரவேண்டும் என்பதே என் கருத்து.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவனாக, தொடக்கப்பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பினருடன் இதைச் செய்து பார்த்தேன். முதலில் இரு மண்தொட்டிகளில் வாழையிலைத் துண்டையும் பாலித்தீன் பையையும் புதைத்தோம். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பைதான். எனினும் கடைத்தெருவில் எளிதாகவே கிடைத்தது! இரண்டு மாதம் கழித்துத் தோண்டினோம். இலை மட்கி மண்ணோடு கலந்திருந்தது. பையோ, கழுவினால் மறுபடி காய்கறி வாங்கலாம் போலிருந்தது.

அடுத்து, பள்ளியின் ஒழுகும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். ஏறத்தாழ 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் 4.3 லிட்டர் ஆகிறது. இப்பெருக்கல் அவ்வகுப்புக்கு எட்டாது. ஆகவே காலையில் வாளியை வைத்து, மறுநாள் காலையில் லிட்டர் குவளையால் அளந்தோம். நான்கு குவளை நிரம்பி மிச்சமும் இருந்தது. பிள்ளைகள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றனர்.

அளக்கக் கற்ற குழந்தை கேள்வியும் கேட்கும். "அப்போ ஏண்ணா யாருமே இதைச் சரி பண்ணல?" என்றாள் ஒரு சிறுமி. குழாயின் வாஷர் தேய்ந்திருந்தது. அன்று மாலையே மாற்றினோம்.