ஆராய்ச்சி மணி யாருக்கு எட்டும்?

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரிந்ததுதான். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் நீதி வழங்கினான். வகுப்பில் நாம் எப்போதும் அரசனைப் பற்றியே பேசுவோம். இந்த மாதம் மணியைப் பற்றிப் பேசலாம்னு நினைக்கிறேன். அது பசுவுக்கு எட்டாத உயரத்தில் தொங்கியிருந்தால், அரசன் எவ்வளவு நல்லவனாக இருந்தும் என்ன பயன்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரைப் பாருங்கள். 2013இல் அங்கே வீடு காலி செய்யும் வழக்குகளில் பெரும்பாலான சொந்தக்காரர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார். வாடகைக்கு இருந்தவர்களிலோ நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இருந்தார். சட்டம் பொதுதான், ஆனால் அதைப் பேசத் தெரிந்தவர் ஒரு பக்கம் மட்டுமே.

2017 ஆகஸ்டில் நகராட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த வாடகைக்காரருக்கு நகராட்சிச் செலவில் வழக்கறிஞர். அமெரிக்க நகரங்களில் இதுவே முதல். இப்படி வழக்கறிஞர் பெற்ற குடும்பங்களில் 84 விழுக்காட்டினர் வீட்டிலேயே தங்க முடிந்ததாக நகராட்சியின் 2018 அறிக்கை சொல்கிறது.

"அப்போ வாடகை கட்ட வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். கட்டத்தான் வேண்டும். சொந்தக்காரருக்கும் வங்கிக் கடன் இருக்கும். வழக்கறிஞர் நோட்டீஸ் முறையாக வந்ததா, பாக்கிக் கணக்கு சரியா என்று பார்ப்பார். தவணை கேட்டுப் பேசுவார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவகாசத்தில் ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் தப்பிக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாது.

நம் மலேசியாவில்? 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2)ஐத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் குடியிருந்தால், சொந்தக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற முடியும். தானே பூட்டை மாற்றி வெளியேற்றக் கூடாது. இது தெரியாமல் பயந்துபோய் ராவோடு ராவாக மூட்டை கட்டுபவர்கள் நம்மிலும் இருப்பார்கள்.

அப்படி யாரையாவது பார்த்தால், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறைக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். வருமானத்தைப் பார்ப்பார்கள், எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தம், வாடகை ரசீது, வந்த கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மலாய் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் தொண்டுதான்.

கலந்துரையாட:
1. உரிமை இருந்தும் பேச ஆளில்லை என்றால் அது உரிமையா?
2. உங்கள் வட்டாரத்தில் சட்ட உதவி எங்கே கிடைக்கும்? அடுத்த வகுப்புக்குள் விசாரித்து வாருங்கள்.