கணக்குச் சீட்டுகளை ஒரே கட்டளையில் அச்சிடுதல்

மகாசபை நெருங்கும் காலத்தில் சங்க அலுவலகத்தில் ஒரு வேலை மலைபோல் குவிகிறது. அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குத்தொகையையும் கடன் பாக்கியையும் காட்டும் சீட்டு, கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோப்பாக இருக்கிறது. குமாஸ்தா ஒவ்வொன்றாகத் திறந்து, அச்சிட்டு, மூடவேண்டும். நடுவில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தால் ஒரு சீட்டு விட்டுப்போகிறது. அச்சீட்டுக்கு உரியவர் தம் கணக்கிலுள்ள பிழையை மகாசபையில் எடுத்துச்சொல்ல வகையின்றி நிற்கிறார்.

இவ்வேலையை ‘வேர்டு’ செயலியிடமே ஒப்படைக்கலாம். அதற்கென நாம் எழுதிவைக்கும் கட்டளைத் தொடருக்கு ‘மேக்ரோ’ என்று பெயர். ஜக்கார்டுத் தறியின் அட்டைக் கோவை போன்றது அது. (பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர் இவ்வுவமையைப் பொறுத்துக்கொள்வாராக.) அட்டையில் ஒரு துளை தவறினால் பூ வருமிடந்தோறும் அப்பிழையும் வரும், மேக்ரோவிலும் அப்படியே.

‘டிர்’ என்னும் கட்டளை கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். ‘ஓபன்’ திறக்கும், ‘பிரிண்ட் அவுட்’ அச்சுக்கு அனுப்பும், ‘குளோஸ்’ மூடும். பெயர்கள் தீரும்வரை இது சுழலும்.

இடர் ஒன்று உண்டு. வேர்டு வழக்கமாக அச்சுவேலையைப் பின்னணியில் நடத்துவது. அவ்வேலை முடியுமுன்பே மேக்ரோ அடுத்த கட்டளைக்குப் போய்க் கோப்பை மூடிவிடக்கூடும், சீட்டு வராமற்போகும். ஆகவே ‘பிரிண்ட் அவுட்’ கட்டளையில் ‘பேக்கிரவுண்டு’ என்பதற்கு ‘பால்ஸ்’ என்று குறிக்கவேண்டும். அப்போது ஒன்றை அனுப்பி முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும்.

கோப்புகளுக்கு அங்கத்தினர் எண்ணையே பெயராக இடுவது நலம். ஆனால் 2, 10 என்று இட்டால் 10 முந்திக்கொள்ளும். 002, 010 என்று இட்டால் சீட்டுகள் பேரேட்டின் வரிசையிலேயே வெளிவரும்.

அயலார் அனுப்பும் மேக்ரோவை மட்டும் ஏற்கலாகாது. 1999-இல் மின்னஞ்சல் வழியே பரவிய ‘மெலிசா’ வைரஸ் வேர்டு மேக்ரோவாகவே வந்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனமே இயல்பாகத் தடுத்து வருகிறது.

முதலில் மூன்று கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்து ஓட்டிப்பார்ப்போம். சரியானால் முழுவதையும் ஓட்டுவோம். மேக்ரோ, தான் அனுப்பியதைத்தான் எண்ணும். அச்சுப்பொறியில் தாள் சிக்கியதை அது அறியாது. சீட்டுகளைக் கையால் எண்ணிப் பேரேட்டோடு ஒப்பிட்ட பின்னரே உறையிலிடவேண்டும்.