கொட்டகைக்கு எதற்குச் சுவர்?

கேள்வி: பாலர் பள்ளியில் என் மகளுக்குப் பண்ணைக் கட்டடம் வரையும் வேலை கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதோ பெரிய சிவப்புக் கட்டடம். கிள்ளானில் அப்படி ஏது? எப்படிச் சொல்லித் தருவது?
– வாசகி, கிள்ளான்

பதில்: அது பனி பெய்யும் ஊர்க் கட்டடம். வைக்கோலையும் மாட்டையும் குளிரிலிருந்து காக்க நாலு பக்கமும் அடைத்திருப்பார்கள். நம் வெயிலுக்கு ஆகாது. தோட்டப்புறத்து மாட்டுக் கொட்டகையையே வரையட்டும். லயத்தில் வாழ்ந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரைப் பேச விடுங்கள், பாதி வேலை முடிந்தது.

முதலில் மாடு. பிறகு இருபுறமும் கம்பம். மேலே, கம்பத்தைத் தாண்டி நீளும் தகரக் கூரை. சாரல் உள்ளே அடிக்காமலிருக்கத்தான் அந்த நீட்டம். தகரத்தின் வரிகள் தண்ணீர் வழியும் திசையில், மேலிருந்து கீழாக ஓடும். பிள்ளைகள் குறுக்காகப் போட்டுவிடுவார்கள். அங்கே மட்டும் கைகாட்டுங்கள். ரூலர் வேண்டவே வேண்டாம்.

சுவரும் வரைந்து, அதற்குள் நிற்கும் மாட்டையும் காட்டினால் அழிக்கச் சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட மனசுக்குத் தெரிந்ததை வரையும் வயது. பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

நேரில் காட்ட, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகப் பண்ணை இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.