தெருவில் கிடக்கும் கவர், சான்றிதழ் காக்கும் பை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, பாய்லர் பற்றி எழுதலாமா, டர்பைன் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கு. நான் என் கையால் செய்து, கெடுத்து, மறுபடி செய்து பார்த்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய பாலித்தீன் கவர்களைச் சூட்டில் ஒட்டி, தண்ணீர் புகாத பை செய்யும் முறை இது.

இரண்டு கவர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஒரு வருஷம் முழுக்க நமக்குப் பெய்வதைவிட அது அதிகம். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி மூழ்கிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு கவர்கள் இருந்தன. ஒன்று ஜவுளிக்கடையில் கொடுத்த தடிமனான கவர். அதில் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும். இன்னொன்று காய்கறி வாங்கிய மெல்லிய கேரி பேக். அதில் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும். தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தால், ஜவுளிக்கடைக் கவருக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் சான்றிதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தன.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளை அடுப்புச் சூட்டில் காட்டி, துண்டு துண்டாக ஒட்டவைக்கப் பார்த்தது அம்மாதான். “இது போனா ஒன்ன காலேஜுல சேக்கமாட்டாவளால?” என்று கேட்டதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்குது. நான் ஏற்கனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தேன் என்பதே அன்றைக்கு அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது. நகல் பிறகு வாங்கிவிட்டேன். அதற்கு நடந்த நடை தனிக் கதை.

ஒரு வாரம் கழித்து எங்கள் தெரு வாய்க்காலைத் தோண்டினார்கள். சேற்றோடு வந்ததில் பாதி கேரி பேக்குகள். வாய்க்காலை அடைத்ததும் அதே கவர், ரேஷன் கார்டைக் காப்பாற்றியதும் அதே இனத்துக் கவர். அப்படியென்றால் இந்தப் பொருளை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?

கவர் வந்த கதை

பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் கிடைத்த பொருள். 1953-இல் ஜெர்மனியின் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்திலேயே அடர்த்தி கூடிய பாலித்தீன் செய்யும் வழியைக் கண்டார். கைப்பிடியோடு ஒரே துண்டாக இருக்கும் இன்றைய கேரி பேக், ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்தது. அதற்கு 1965-இல் காப்புரிமை கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். வங்கதேசத்தில் 1988, 1998 வெள்ளங்களின்போது வடிகால்களை இந்த மெல்லிய கவர்கள் அடைத்துக்கொண்டு துன்பத்தைக் கூட்டின. 2002-இல் உலகிலேயே முதல் நாடாக வங்கதேசம் அவற்றைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் கேரி பேக் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆனாலும் பழைய கவர்கள் வீட்டு மூலையிலும் தெருவிலும் கடலிலும் கிடக்கின்றன.

நம் கடல் சாதாரணக் கடல் அல்ல. முத்துக்குப் பேர்போன கடல். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் கடற்புல்லும் ஆவுளியாவும் ஆமையும் உள்ள இடம். தண்ணீரில் மிதக்கும் கவர், ஆமையின் கண்ணுக்குச் சொறி என்கிற ஜெல்லி மீன் மாதிரியே தெரியும். தின்றுவிடும். எங்க அப்பா வலையை உதறும்போது மீனோடு கவரும் விழுகிறது.

முன்னால் போனவர்கள்

கவரைப் பையாக்குவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. டெல்லியில் 1998-இல் அனிதா அகுஜா, ஷலப் அகுஜா தம்பதியர் தொடங்கிய ‘கன்சர்வ் இந்தியா’, குப்பை பொறுக்குவோர் கொண்டுவரும் கவர்களைக் கழுவி, நிறவாரியாகப் பிரித்து, அடுக்கி, சூட்டில் அழுத்தித் தகடாக்கி, கைப்பைகளாகத் தைத்து வெளிநாட்டுக்கு விற்றது. சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. கவரின் நிறமே பையின் நிறம். குஜராத்தின் கட்ச் பகுதியில் ‘கமீர்’ அமைப்பினர் கவரை நாடாவாக வெட்டித் தறியில் ஊடு நூலாக நெய்கிறார்கள்.

நமக்கும் இது புதுசு இல்லை. மணப்பாட்டில் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். நம் அம்மாக்களும் சித்திகளும் பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னினார்கள். கிடைக்கும் பொருளை நாடாவாக்கிப் பையாக்கும் அறிவு நம் வீட்டிலேயே இருக்கு. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நமக்குக் கவரும் ஆயுதம்!

எதை எடுக்கலாம்?

1. சலசலவென்று சத்தம் போடும் மெல்லிய கேரி பேக், அடர்த்தி கூடிய பாலித்தீன் (எச்.டி.பி.இ.). சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும்.

2. மெத்தென்று இழுபடும் கவர், பால் பாக்கெட் ஆகியவை பெரும்பாலும் அடர்த்தி குறைந்த வகை (எல்.டி.பி.இ.). சுமார் 110 டிகிரியில் உருகும். இரண்டு வகையையும் ஒரே அடுக்கில் கலக்கக் கூடாது. ஒன்று ஒட்டுவதற்குள் மற்றது ஓட்டையாகிவிடும்.

3. பி.வி.சி.-யைத் தொடவே கூடாது. சூடு கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். கண்டுபிடிக்க எளிய சோதனை: ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் துடைத்துவிடுங்கள். பாலித்தீன் மேலே மிதக்கும். பி.வி.சி. மூழ்கும். மூழ்கியதைத் தள்ளிவிடுங்கள்.

4. உள்ளே வெள்ளியாக மின்னும் சிப்ஸ் பாக்கெட் பல பொருள்கள் ஒட்டியது. சூட்டுக்கு ஆகாது. மடித்து ஓலை மாதிரி முடையலாம்.

செய்முறை

தேவையானவை: ஒரே வகைக் கவர்கள் 15, இஸ்திரிப் பெட்டி, பட்டர் பேப்பர், பழைய பருத்தித் துணி, பலகை, கத்தரி, இரும்பு ஸ்கேல்.

முதலில் கவரை உள்புறம் வெளியே திருப்பி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயப்போடுங்கள். மண் ஒரு துளி இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. கைப்பிடியையும் அடித் தையலையும் வெட்டி, ஒரு பக்கத்தைப் பிளந்தால் விரிந்த தாள் கிடைக்கும்.

ஏ4 சான்றிதழ் மடிக்காமல் உள்ளே போக, 33 செ.மீ. அகலம், 107 செ.மீ. நீளத்துக்கு எட்டு அடுக்கு பரப்ப வேண்டும். ஒரு கவர் அவ்வளவு நீளம் வராது. சிவில் பிரிவு நண்பர்கள் செங்கல் கட்டும் முறைதான் இங்கே: ஓர் அடுக்கின் இணைப்புக்கு நேராக அடுத்த அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. அச்சடித்த பக்கம் நடு அடுக்குகளில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மை இழுவும்.

பலகைமேல் துணி, அதன்மேல் பட்டர் பேப்பர், கவர் அடுக்கு, மறுபடி பட்டர் பேப்பர். இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நகர்த்திக்கொண்டே இருங்கள். ஓர் இடத்துக்கு 15 முதல் 20 விநாடி. பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறைக்கணும். ஆறும்வரை மேலே கனமான பலகையை வையுங்கள், சுருளாது.

தகடு ஆறியதும் சுருங்கி ஏறக்குறைய 29 × 96 செ.மீ. ஆகியிருக்கும். இரண்டாக மடித்தால் 48 செ.மீ. உயரம். இரு பக்க ஓரத்திலும் 2 செ.மீ. மட்டும் விட்டு, உள்ளே பட்டர் பேப்பரைச் செருகுங்கள். வெளியிலும் பட்டர் பேப்பர் வைத்து, ஸ்கேலை எல்லையாகப் பிடித்து ஓரத்தை மட்டும் சூட்டில் ஒட்டுங்கள். உள் பேப்பரை உருவினால் பை தயார். வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டி ரப்பர் பேண்டோ கயிறோ போட்டால் போதும்.

நான் கெடுத்தவை

முதல் பைக்குப் பட்டர் பேப்பர் வைக்கவில்லை. கவர் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. பெட்டி பக்கத்து வீட்டு அக்காவுடையது. “ஏலேய், துணி தேய்க்கக் கேட்டியா, குப்பையைத் தேய்க்கக் கேட்டியா?” என்று தெருவே கேட்க வசவு. இரண்டாவது, சூடு கூடி சல்லடையாகிவிட்டது. மூன்றாவது பையை அழகாக மெஷினில் தைத்தேன். தையல் நெருக்கமாக விழ, தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை. இழுத்ததும் அந்தக் கோட்டிலேயே கிழிந்தது. அதை எப்படியோ ஒட்டி, உள்ளே பழைய செய்தித்தாளை வைத்து, உப்புக் கரைத்த வாளியில் செங்கல் ஏற்றி ஒரு ராத்திரி அமுக்கி வைத்தேன். காலையில் தாள் நனைந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது: நீர் புகக் கூடாத பையில் ஊசி படக் கூடாது. காய்கறிப் பை தைப்பதாக இருந்தால், தையலை 4 மி.மீ. இடைவெளியில் அகலமாகப் போடுங்கள். நான் அப்பாவின் வலை நூலால் கையாலேயே தைத்தேன், இன்னும் தாங்குது.

நான்காவது பையைச் சூட்டிலேயே மூடினேன். அதே வாளி, அதே செங்கல். காலையில் அப்பாவே வந்து பிரித்துப் பார்த்தார். தாள் முறுமுறுவென்று இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் மீனவர் அடையாள அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு சிறு கணக்கு

முதலாண்டில் பிடித்த ஸ்குரூ கேஜ் இங்கே உதவியது. ஒரு கவரைப் பத்து மடிப்பாக அளந்து பத்தால் வகுத்தேன். ஓர் அடுக்கு 0.02 மி.மீ. எட்டு அடுக்குக்கு 0.16 மி.மீ. வர வேண்டும். ஒட்டிய தகடோ 0.2 மி.மீ. காட்டியது. தவறு என்று நினைத்தேன். இல்லை. பொருள் எங்கும் போகவில்லை. நீளமும் அகலமும் பத்தில் ஒரு பங்கு சுருங்கியதால் தடிமன் கூடியிருக்கிறது. வகுப்பில் படித்த ‘கனஅளவு மாறாது’ என்பதைக் கையால் தொட்டுப் பார்த்த நாள் அது.

இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு அடுக்கின் மொத்தப் பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர். தடிமனையும் அடர்த்தியையும் பெருக்கினால் ஒரு பையின் எடை சுமார் 54 கிராம். மூன்று மணி நேரம் உழைத்து, வாய்க்காலுக்குப் போகவிருந்த 54 கிராமைத் தடுத்திருக்கிறேன். அவ்வளவுதான். இதனால் கடல் சுத்தமாகிவிடும் என்று சொன்னால் அது பொய். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை கொண்டுபோய், “கவர் வேண்டாம் அண்ணாச்சி” என்று சொல்வதுதான் முதல் வேலை. ஏற்கனவே வந்துவிட்ட கவருக்கு வேலை கொடுப்பது இரண்டாவது வேலை.

பை செய்வதற்காகப் புதுக் கவர் வாங்குவது அசட்டுத்தனம். செய்த பையை வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் பாலித்தீன் நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள் கவரைவிட ஆபத்து. சூடான சாப்பாடும் வைக்கக் கூடாது. ஒரே வகைக் கவரில் செய்திருந்தால், பை கிழிந்த பிறகும் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போடலாம்.

முடிவாக

எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. அந்தக் கோட்டுக்கு இரண்டு முழம் மேலே அம்மா ஓர் ஆணி அடித்திருக்கிறார். அதில் இரண்டு பைகள் தொங்குகின்றன. ஒன்றில் என் சான்றிதழ் நகலும், ரேஷன் கார்டும், அப்பாவின் அட்டையும். இன்னொன்று காலி. அது எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சிக்கு. “இப்பமே பண்ணி வச்சிருல, அவளுக்கும் தாள் வரும்லா” என்று அம்மாதான் செய்யச் சொன்னார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வீட்டு மூலையில் 15 கவர் கட்டாயம் இருக்கும். பட்டர் பேப்பரை மட்டும் மறந்துவிடாதீர்கள்!