'போஷ்' கப்பலில் பிறந்த சொல் அல்ல

நம்பிக்கை: ஆடம்பரமான, மேல்தட்டு என்று பொருள்படும் ஆங்கிலத்தின் 'போஷ்' இந்தியாவுக்கு வந்துபோன பிரிட்டிஷ் கப்பல்களில் பிறந்தது. பணக்காரப் பயணிகள் வரும்போது வெயில் படாத இடப்பக்க அறையையும், திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டு வாங்குவார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை பி அண்டு ஓ கப்பல் நிறுவனம் டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துமாம்.

உண்மை: சுத்தக் கட்டுக்கதை. மேடைப் பேச்சிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றையாவது யாரேனும் காட்டியதுண்டா? இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் பழைய ஆவணங்களிலும் சான்று இல்லை.

காலக்கணக்கும் உதைக்கிறது. அந்தக் கப்பல்களின் வழியான சூயஸ் கால்வாய் 1869இலேயே திறந்தாயிற்று. கப்பல் விளக்கமோ 1930களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. சொல்லோ அந்த விளக்கத்துக்கு முந்தியது. 1918 செப்டம்பரில் 'பஞ்ச்' இதழில் வந்த கேலிச்சித்திரத்தில், விமானப்படை இளைஞன் ஒருவன் தாயிடம் பேசும்போது 'போஷ்' என்கிறான். அப்படியென்றால் என்ன என்று தாய் கேட்கிறாள். 'ஸ்விஷ்' (பகட்டான) என்பதற்கான கொச்சை என்கிறான் மகன். கப்பல் பேச்சே அங்கு இல்லை.

19ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் 'போஷ்' என்றால் சில்லறைக் காசு. ரோமானி மொழியில் 'பாதி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பகட்டாக உடுத்துபவனுக்கும் அந்தப் பெயர் இருந்தது. இன்றைய பொருள் இவற்றிலிருந்துதான் கிளைத்ததா என்பதை ஆக்ஸ்போர்டு அகராதி அறுதியிட்டுச் சொல்லவில்லை. சான்று இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் அகராதிக்காரரின் நேர்மை.

நம்பிக்கை: 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து.
உண்மை: இல்லை. 'நியூ' என்பதன் பன்மை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: 'கோல்ஃப்' பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதன் சுருக்கம்.
உண்மை: 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த விளையாட்டைத் தடைசெய்தபோதே சொல் இருந்தது. முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல் சமைப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம்.

நம்பிக்கை: 'டிப்' சீக்கிரம் கவனிப்பதற்கான காசு என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.
உண்மை: 17ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் குழூஉக்குறியில் அதற்குக் 'கொடு' என்று பொருள்.

சொல்லின் பிறப்புக் கதையை யார் சொன்னாலும், எந்த ஆண்டு, எந்த அச்சில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கதையை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மாணவர்களுக்கும் இந்தப் பழக்கம் வர வேண்டும். அதற்கு அகராதி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சொற்களுக்கு நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவது. அதையும் ஒரு நல்ல ஆங்கில வரலாற்று அகராதியையும் ஒவ்வொரு பள்ளி நூலகமும் வாங்க வேண்டும். பீரோவில் பூட்டி வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும்.