முன்னோர் வாழ்வும் காலச் சரித்திரமும்

சரித்திரம் அரசர்க்கு மட்டும் உரியதன்று. நம் பாட்டியாரும் அதனுள் வாழ்ந்தவரே. அவர் வாழ்வைக் காலத்தோடு பொருத்திக் காணும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பமொன்றில், "கொள்ளுப்பாட்டி தாது வருஷத்தில் பிறந்தார்" என்பர். உடனே ஆண்டைக் குறித்தல் கூடாது. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. அவர் கதர்க் கிடங்கிற்கு நூல் நூற்றுக் கொடுத்தவர் என்னும் செய்தியும் உண்டாயின், முன்னையதே பொருந்தும். ஏனெனில், திருப்பூர் கதர்த் தொழிலுக்குப் பேர்பெற்றது 1920-களிலாம். அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது 1925-ல்.

இனி, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தமையன்மார் இளமையில் மாண்டனர் என வீட்டார் கூறின், பஞ்சமோ அதனோடு பரவிய நோயோ காரணமாகலாம். எனினும், "ஆகலாம்" என்பதை "ஆயிற்று" என்று எழுதுதல் தகாது.

அவர் நூற்றது தேசபக்தியாலோ, மழை பொய்த்த மாதங்களில் வயிற்றுப்பாட்டிற்கோ? இரண்டும் இருந்திருக்கலாம். காலம் இடமளித்ததைச் சரித்திரம் கூறும்; அவர் எண்ணியதை அவர் சொல்லே கூறும்.

ஆதலின், மாணவர்காள், முதியோரை இன்றே வினவுமின். பழைய பத்திரங்களையும் நாடுமின். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல் ஆதலால், முந்தைய ஆவணங்களைக் கோயமுத்தூர் ஜில்லாவின் பெயரில் தேடல் வேண்டும். 1932 ஜனவரியில் தடியடிபட்டு உயிர்நீத்த குமரன் பெயரை நாடறியும். அக்காலத்தே நூல் நூற்ற பெண்டிர் பெயரை அவர்தம் வழித்தோன்றல்களேயன்றி வேறு யார் எழுதுவர்?