ஏற மலை, இறங்கினால் சாப்பாடு

ஆல்ப்ஸ் மலையில் நடப்பவர்களுக்கு வழியிலுள்ள குடில்களிலேயே அருமையான சாப்பாடு கிடைக்கும் என்கிறார்கள். வார இறுதியில் மலையும் ஏறி, ருசித்தும் சாப்பிட்டு வர, நம் பக்கத்தில் இடம் உண்டா?
– வாசகி, அத்திபெலே

உண்டு. குக்கே சுப்பிரமணியாவிலிருந்து குமார பர்வதம் (1,712 மீட்டர்) ஏறும் பாதையில், கிரிகத்தேயில் இருக்கிறது ‘பட்டர மனெ’. மலையேறுபவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சோறு போடும் வீடு. சுடுசோறு, சாம்பார், மோர். செங்குத்தான காட்டுவழியில் ஏறி வந்தவருக்கு இதைவிட வேறு விருந்து வேண்டாம்.

பெங்களூரு மெஜஸ்டிக்கில் இரவுப் பேருந்து பிடித்தால் விடிகாலையில் குக்கே. வனத்துறை அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பட்டர மனெயிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏறும்போது அரை வயிறு போதும். பட்டர மனெயைத் தாண்டினால் நிழலில்லாத புல்மேடு. முழுச் சாப்பாட்டை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள், அட்டையும் அதிகம். மழை ஓய்ந்தபின் வரும் குளிர்மாதங்களே சிறந்தவை.

ஒரே ஒரு வேண்டுகோள்: அங்கே அரிசியும் பருப்பும்கூட மலையேறித்தான் வரவேண்டும். தட்டில் ஒரு பருக்கைகூட மீதம் வைக்காதீர்கள்.